பாகு பூத்துவிட்டதா? கொட்டிவிடாதீர்கள்

அலமாரியில் வைத்த சர்க்கரைப் பாகை இரண்டு வாரம் கழித்து எடுத்தால், ஜாடியின் அடியில் கற்கண்டு போல மின்னும் படிகங்கள். கெட்டுவிட்டது என்று நினைத்துப் பலர் கொட்டிவிடுகிறார்கள். எனக்கு அது மனம் பொறுக்காத காரியம். இப்படிப் படிகம் படிந்து பூப்பது வேறு, கெடுவது வேறு. பூத்த பாகை மீட்கலாம். கெட்ட பாகை மீட்க முடியாது.

முதலில் அளவு. 200 கிராம் சர்க்கரைக்கு 100 மில்லி தண்ணீர். சாதாரண அறைவெப்பத்தில் 100 மில்லி தண்ணீரால் ஏறக்குறைய இவ்வளவு சர்க்கரையைத்தான் கரைத்து வைத்துக்கொள்ள முடியும். ஆகவே இது விளிம்பில் நிற்கும் பாகு. தேவைக்கு மேல் ஐந்து நிமிடம் கொதித்து, இரண்டு தேக்கரண்டி தண்ணீர் ஆவியாகிவிட்டாலே போதும், ஆறியதும் மிஞ்சிய சர்க்கரை வெளியே வரத் தொடங்கும்.

மிதமான தீயில் வைத்து, சர்க்கரை கரையும்வரை மட்டும் கிளறுங்கள். கொதி வந்ததும் கரண்டியை எடுத்துவிடுங்கள். இப்போது பாத்திரத்தின் உட்புறத்தைக் குனிந்து பாருங்கள். பாகுக்கு மேலே, சுவரில் வெள்ளைப் பொடியாகச் சில மணிகள் ஒட்டியிருக்கும். அவற்றில் ஒன்று உள்ளே விழுந்தாலும் அதைப் பற்றிக்கொண்டு மற்றவை அடுக்கடுக்காகச் சேரும். இரண்டு நிமிடம் மூடி வையுங்கள். நீராவியே சுவரைக் கழுவிவிடும். ஈரத் தூரிகையால் துடைத்தாலும் சரி.

அடுத்து அரைத் தேக்கரண்டி எலுமிச்சைச் சாறு. புளிப்பும் சூடும் சேர்ந்து சர்க்கரையில் ஒரு பகுதியைக் குளுக்கோஸ், ஃபிரக்டோஸ் என இரண்டாகப் பிரிக்கின்றன. வெவ்வேறு வடிவ மூலக்கூறுகள் கலந்துவிட்டால் படிகம் ஒழுங்காக அடுக்க இடம் கிடைப்பதில்லை. ஒரு நிமிடம் கொதித்ததும் இறக்கிவிடுங்கள். ஆறும்போது கிளறவே கூடாது.

வெந்நீரில் கழுவி நன்றாக உலர்த்திய ஜாடியில் ஊற்றி, சூடு தணிந்த பிறகு மூடுங்கள். பாதி நிரம்பிய ஜாடியைச் சூட்டோடு மூடினால் மூடியின் அடியில் வியர்த்து, அந்தத் துளிகள் பாகின் மேல் சொட்டும். அடர்த்தியான பாகில் நுண்ணுயிர்களுக்குத் தண்ணீர் கிடைக்காது. அதனால்தான் அது தாக்குப்பிடிக்கிறது. மேற்பரப்பு நீர்த்துவிட்டால் பூஞ்சைக்கு அந்த மெல்லிய படலமே போதும். ஈரக் கரண்டி செய்வதும் இதே கெடுதல்தான். சர்க்கரையும் தண்ணீரும் சம அளவில் காய்ச்சிய இளம்பாகு இன்னும் விரைவில் கெடும்; குளிர்சாதனப் பெட்டியில் வைத்து ஒரு மாதத்துக்குள் முடித்துவிடுங்கள்.

பூத்த பாகை மீட்க, இரண்டு தேக்கரண்டி தண்ணீர் சேர்த்து மீண்டும் சூடாக்குங்கள். ஒரு மணிகூட மிஞ்சக் கூடாது. மிஞ்சினால் நாளைக்கே திரும்பப் பூக்கும்.

நுரை, புளித்த வாடை, திறக்கும்போது காற்று சீறும் ஓசை, மேலே பஞ்சு போன்ற படலம் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் முழுவதையும் கொட்டுங்கள். பூஞ்சையை வழித்தெடுத்துவிட்டு மீதியைப் பயன்படுத்துவது ஆபத்து.

தேனும் உறையும். அதில் முதலில் படிவது குளுக்கோஸ். ஜாடியை வெதுவெதுப்பான நீரில் நிற்க வைத்தால் இளகிவிடும். அடுப்பில் ஏற்ற வேண்டாம், மணம் போய்விடும். ஆனால் அடியில் கெட்டியாகவும் மேலே நீர்த்தும் பிரிந்து நின்றால் கவனம் தேவை. குளுக்கோஸ் படிந்தபின் மேலே மிஞ்சுவது ஈரம் கூடிய தேன். அது புளிக்கத் தொடங்கலாம். அந்த ஜாடியை இளக்கி, கலக்கி, முதலில் தீர்த்துவிடுங்கள்.