சம்பளப் பதிவையும் ஏற்றுமதி இறக்குமதிப் பதிவையும் இணைக்கும்போது எங்கே தவறுகிறோம்?

எந்த நிறுவனத்தில் யார் வேலை பார்க்கிறார்கள், என்ன சம்பளம் என்ற தரவோடு அந்த நிறுவனத்தின் ஏற்றுமதி, இறக்குமதி விவரத்தையும் சேர்த்தால் பல பிழைகள் வெளியே வரும். மூடிவிட்டதாகப் பதிவான கம்பெனி இன்னும் சரக்கு அனுப்பிக்கொண்டிருப்பது அப்போதுதான் கண்ணில் படும். ஆனால் கவனமில்லாமல் சேர்த்தால் சரியாக இருந்ததும் கெட்டுப்போகும்.

பெரிய தவறு, இரண்டு பதிவிலும் நிறுவனத்தின் அடையாள எண் பொருந்தினால் போதும் என்று நினைப்பது. அமெரிக்காவில் வேலையின்மைக் காப்பீட்டுக்கான சம்பளப் பதிவுகள் மாநிலக் கணக்கு எண்ணில் வருகின்றன, சுங்கப் பதிவுகளில் பெரும்பாலும் மத்திய வரி எண்தான் இருக்கும். பல கிளைகள் உள்ள நிறுவனத்தில் ஒருவர் எந்தக் கிளையில் வேலை செய்கிறார் என்பது மின்னசோட்டா மாநிலம் போன்ற அரிதான இடங்களைத் தவிர சம்பளப் பதிவில் இருப்பதில்லை, அதைக் கணித்துத்தான் நிரப்புகிறார்கள். இந்த நிலையில் மொத்த ஏற்றுமதியையும் தலைமையகத்தின் கணக்கில் எழுதினால், அலுவலகம் ஏற்றுமதியாளர் ஆகிவிடும், பொருளைச் செய்த தொழிற்சாலை காணாமல் போகும். கிளை தெரியவில்லையா, நிறுவன அளவிலேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

அடுத்தது, பழைய எண் மறைந்து புது எண் வந்தால் ஒன்று மூடி இன்னொன்று பிறந்ததாக எடுத்துக்கொள்வது. நிறுவனங்கள் இணையும்போதும் கைமாறும்போதும் எண் மாறும். ஊழியர்கள் கூட்டமாகப் புது எண்ணுக்குப் போயிருக்கிறார்கள், அதே சரக்கு அதே நாடுகளுக்குப் போகிறது என்றால் அது பெரும்பாலும் பழைய நிறுவனம்தான். ஏற்றுமதி இறக்குமதித் தரவு உண்மையிலேயே கைகொடுக்கும் இடம் இதுதான், இதைத்தான் பலர் செய்வதில்லை.

ஏற்றுமதியான பொருளை வைத்து நிறுவனத்தின் தொழில் வகையைத் திருத்தவும் வேண்டாம். தான் தயாரிக்காத பொருளையும் உற்பத்தியாளர் அனுப்புவார், மொத்த வியாபாரி எல்லாவற்றையும் அனுப்புவார். சுங்கத்தில் சரக்கை வகைப்படுத்தும் எண் குறியீடுகளும் 2012, 2017, 2022 என்று மாறியிருக்கின்றன, முதல் 6 இலக்கங்கள்தான் உலகப் பொது. குறியீடு மாறியதைப் பார்த்துப் பொருளே மாறியது என்று எழுதிவிடக் கூடாது.

அப்புறம், பதிவு இல்லை என்றால் பூஜ்யம் என்று போடுவது. சேவை ஏற்றுமதி சுங்கத்தின் வழியாகப் போவதில்லை, இடைத்தரகர் வழியாகப் போன சரக்கு அவர் பெயரில் இருக்கும், அமெரிக்காவில் ஒரு பொருள் வகைக்கு 2,500 டாலர் வரையிலான ஏற்றுமதிக்குப் பொதுவாக விவரம் தாக்கல் செய்யத் தேவையில்லை. ‘இல்லை’, ‘தெரியவில்லை’ இரண்டையும் தனித்தனியாகக் குறியுங்கள்.

பொருந்தாமல் விடுபட்டவற்றைத் தூக்கி எறிவதற்கு முன் அவை எவ்வளவு பெரிய நிறுவனங்கள் என்று பாருங்கள். விடுபட்டவை பெரும்பாலும் சிறு நிறுவனங்கள் என்றால், மிச்சம் இருக்கும் சராசரிச் சம்பளம் பெரிய நிறுவனங்களின் சம்பளம்தான்.