மாலை ஏழு மணிக்கு என்ன செய்வீர்கள்? கார்பன் இல்லா எரிசக்தித் திட்டங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு நாட்டின் எரிசக்தி முழுவதையும் கார்பன் உமிழ்வற்றதாக மாற்றுவதற்குத் திட்டம் வரையக் கற்றுக்கொள்பவர்களின் வரைவுகளைச் சில ஆண்டுகளாகத் திருத்தி வருகிறேன். சிவப்பு மையில் நான் எழுதும் குறிப்புகளில் பாதிக்கு மேல், ஒரு காலத்தில் என் வரைவின் ஓரத்தில் மற்றவர்கள் எழுதியவைதாம். மெகாவாட்டையும் (எந்த வேகத்தில் மின்சாரம் வருகிறது) மெகாவாட் மணியையும் (மொத்தம் எவ்வளவு வந்தது) குழப்புவது, ஒரே நிலப்பரப்பை இரண்டு முறை கூட்டுவது போன்றவை முதல் வாசிப்பிலேயே பிடிபட்டுவிடும் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன். கடைசிப் பக்கம் வரை பிடிபடாமல் வந்து சேரும் பிழைகளைப் பற்றி மட்டுமே இங்கே எழுதுகிறேன்.

மின்சாரத்தை மட்டும் மாற்றிவிட்டு எரிசக்தி என்று பெயரிடுவது

உலகில் இறுதிப் பயன்பாட்டுக்கு வரும் எரிசக்தியில் மின்சாரத்தின் பங்கு ஏறத்தாழ ஐந்தில் ஒன்று. மீதமுள்ளது வாகனங்களிலும் கொதிகலன்களிலும் உலைகளிலும் கப்பல்களிலும் நேரடியாக எரிகிறது. மின் நிலையங்களை மட்டும் மாற்றிவிட்டு வேலை முடிந்ததாக எழுதும் வரைவுகள் இன்னும் வருகின்றன. இதற்கு நேர் எதிரான பிழையும் உண்டு: எரியும் எண்ணெயையும் எரிவாயுவையும் அலகுக்கு அலகு மின்சாரமாக மாற்றி எழுதி, அடைய முடியாத ஒரு தொகையைக் கண்டு மிரள்வது. பெட்ரோல் எஞ்சினில் எரிபொருளின் ஆற்றலில் பெரும்பகுதி வெப்பமாக வீணாகிறது. மின்வாகனத்தில் அந்த இழப்பு மிகக் குறைவு. வெளியிலுள்ள வெப்பத்தை வீட்டுக்குள் இறைத்துத் தரும் வெப்ப விசைக்குழாய் (heat pump) ஒரு பங்கு மின்சாரத்தைக் கொண்டு ஏறத்தாழ மூன்று பங்கு வெப்பத்தைத் தரும். ஆகவே எரிபொருளின் அளவை விட்டுவிட்டு, அதனால் நடக்கும் வேலையின் அளவிலிருந்து கணக்கைத் தொடங்குங்கள்.

ஆண்டுக் கூட்டுத்தொகையை நம்புவது

எனக்கு இன்றும் எரிச்சலூட்டும் பிழை இதுதான். என் முதல் திட்டத்தைச் சாய்த்ததும் இதுதான். பல மாதம் உழைத்து நான் தயாரித்த அந்த வரைவின் கடைசி அட்டவணையில் இரண்டு எண்கள் இருந்தன: ஆண்டுத் தேவை, ஆண்டு உற்பத்தி. இரண்டும் தசமத்தானம் வரை பொருந்தியதில் எனக்கு அளவற்ற பெருமை. மின்தொகுப்பை இயக்கும் கட்டுப்பாட்டு அறையில் பணிக்காலம் முழுவதையும் கழித்திருந்த ஒரு மூத்த பொறியாளர் அதைப் பொறுமையாகப் படித்துவிட்டு, "தம்பி, ஆண்டுக் கணக்கு சரியாகத்தான் இருக்கிறது, மாலை ஏழு மணிக்கு என்ன செய்வீர்கள்?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. மின்தொகுப்பில் உற்பத்தியும் தேவையும் நொடிக்கு நொடி சமமாக இருக்க வேண்டும் என்று புத்தகத்தில் படித்திருந்தேன். ஆனாலும் அந்தப் பாடம் என் அட்டவணைக்குள் இறங்கவே இல்லை.

கணக்கை ஒருமுறை போட்டுப் பார்த்தால் விளங்கும். ஒரு நாட்டின் சராசரித் தேவை 10 ஜிகாவாட் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 8,760 மணி நேரம். எனவே ஆண்டுத் தேவை 87,600 ஜிகாவாட் மணி. சூரிய மின் நிலையங்கள் தம் நிறுவுதிறனில் சராசரியாக 20 விழுக்காடு தருவதாகக் கொண்டால், 50 ஜிகாவாட் நிறுவினால் ஆண்டுக் கணக்கு நேராகிவிடும். நண்பகலில் அவை 40 ஜிகாவாட்டைக் கொட்டும்போது அதை வாங்க ஆளிருக்காது. தேவை உச்சத்தைத் தொடும் மாலையிலோ அவற்றின் உற்பத்தி சுழியம். வெயில் போதாத ஏறத்தாழ 14 மணி நேரத்தைக் கடக்க மட்டும் 140 ஜிகாவாட் மணி அளவுக்குச் சேமிப்பு வேண்டும். இனி, ஆறு நாட்கள் வானம் மூடிக்கொண்டு உற்பத்தி வழக்கத்தில் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தால், பற்றாக்குறை 960 ஜிகாவாட் மணி. அமெரிக்காவின் வர்ஜீனியாவில் உள்ள பாத் கவுண்டி நீரேற்று மின் நிலையம் (மிகை மின்சாரத்தால் நீரை மேலேற்றி வைத்து, வேண்டும்போது இறக்கி மின்சாரம் எடுப்பது) உலகின் மிகப்பெரியவற்றுள் ஒன்று; அது சேமிப்பது ஏறத்தாழ 24 ஜிகாவாட் மணி. அதைப்போல நாற்பது வேண்டும், அதுவும் ஆறே நாட்களுக்காக.

"அப்படியானால் காற்றாலையைச் சேர்த்துவிடுகிறேன்" என்பார்கள். சேர்க்கத்தான் வேண்டும், ஏனெனில் இரண்டும் பெரும்பாலும் ஒரே நேரத்தில் படுப்பதில்லை. ஆனால் சில வாரங்களில் படுத்துவிடும். குளிர்காலத்தில் வெயிலும் காற்றும் சேர்ந்து ஓயும் நாட்களுக்கு ஜெர்மானியர் 'டுங்கல்ஃப்ளௌட்டே' என்று தனிப் பெயரே வைத்திருக்கிறார்கள். வீடுகளைச் சூடாக்கும் தேவையும் அதே நாட்களில்தான் ஏறும். தேவைக்கு ஓர் ஆண்டின் தரவையும் காற்றுக்கு வேறோர் ஆண்டின் தரவையும் எடுத்துப் பொருத்துபவர்கள் இந்தத் தொடர்பைத் தம் கையாலேயே அறுத்துவிடுகிறார்கள். அண்மையில் நான் திருத்திய ஒரு வரைவில் எல்லாம் மணிவாரியாகவே இருந்தது, மகிழ்ந்தேன். பிறகு பார்த்தால் வானிலைத் தரவு ஒரே ஓர் ஆண்டுக்கு உரியது, அதுவும் நல்ல காற்றடித்த ஆண்டு.

ஆகவே 8,760 மணி நேரத்தையும், குறைந்தது முப்பது ஆண்டு வானிலையைக் கொண்டு ஓட்டிப் பாருங்கள். அதில் வரும் மிக மோசமான இரண்டு வாரங்களைத் தனியே எடுத்து, அவற்றுக்காகவே திட்டத்தை அமையுங்கள். அப்போதுதான் தேவைக்கு மேல் நிறுவி மிகையை வீணாக்குவது, அண்டை நாடுகளோடு இணைப்பது, தேவையை வேறு நேரத்துக்கு நகர்த்துவது, நீர், அணு, புவிவெப்பம் போன்ற நிலையான மூலங்களை வைத்திருப்பது, ஆண்டில் சில நாட்களே ஓடும் மாற்று நிலையங்களுக்குச் சும்மா இருக்கவும் பணம் தருவது ஆகியவற்றின் உண்மையான விலை தெரியவரும். கடைசியாகச் சொன்னதை நிதித்துறையினர் வீண்செலவு என்று வெட்டப் பார்ப்பார்கள், விடாதீர்கள்.

மின்தடம் பின்னால் வரும் என்பது

பின்னால் வராது. சூரிய மின் நிலையத்தை ஓரிரு ஆண்டுகளில் எழுப்பிவிடலாம். உயரழுத்த மின்தடத்துக்கு நில உரிமையும் அனுமதியும் பெறவே பல ஆண்டுகள் போய்விடும். சீனாவின் கான்சு மாகாணத்தில் காற்றாலைகள் முந்திக்கொண்டு எழுந்ததால், 2016-இல் அவை தந்திருக்கக்கூடிய மின்சாரத்தில் ஏறத்தாழ 43 விழுக்காட்டை எடுக்காமலே விட்டார்கள். டெக்சாஸ் மாறாகச் செய்தது: 2008-இல் காற்று வளமுள்ள பகுதிகளுக்கான தடங்களை முதலில் முடிவு செய்து, 2014 தொடக்கத்துக்குள் ஏறத்தாழ 5,800 கிலோமீட்டர் அமைத்தது; காற்றாலைகள் தாமாகவே வந்து சேர்ந்தன.

2050-க்குள் முடிப்போம் என்று அட்டையில் மட்டும் எழுதுவது

அடுத்த ஐந்து ஆண்டுகளில் மூடப்போகும் நிலையங்களின் பட்டியல் எங்கே?

சுழலும் இரும்பை மறப்பது

பழைய அனல் நிலையத்தின் கனத்த சுழலிகள், மின் உற்பத்தியில் திடீர் இழப்பு நேரும்போது மின்தொகுப்பின் அலைவெண் (மின்னோட்டம் நொடிக்கு எத்தனை முறை அலைகிறது என்பது) சரிவதைச் சில நொடிகள் தாங்கிப் பிடிக்கும். அவற்றை மூடும்போது இந்தத் தாங்கலும் போய்விடும், வரைவிலோ அதற்கு ஒரு வரிகூட இருக்காது. 2016 செப்டம்பர் 28 அன்று தெற்கு ஆஸ்திரேலியாவில் புயல் மின்கோபுரங்களைச் சாய்த்தபோது, அடுத்தடுத்த பழுதுகளைத் தாங்காத வகையில் அமைந்திருந்த பாதுகாப்பு அமைப்புகளால் பல காற்றாலைகள் உற்பத்தியைக் குறைத்துக்கொண்டன. மாநிலம் முழுவதும் இருண்டது. அந்த அமைப்புகளைத் திருத்தினார்கள். 2017-இல் ஹார்ன்ஸ்டேல் பேட்டரி நிலையமும், 2021-இல் மின்சாரம் உற்பத்தி செய்யாமல் தொகுப்பை நிலைப்படுத்த மட்டுமே சுழலும் நான்கு எந்திரங்களும் வந்தன. எல்லாம் வாங்கக்கூடியவையே, ஆனால் வரவு செலவில் இடம் வேண்டும்.

ஹைட்ரஜனைச் சகலரோக நிவாரணியாக்குவது

மின்சாரத்தை ஹைட்ரஜனாக்கி மீண்டும் மின்சாரமாக்கினால் மூன்றில் ஒரு பங்கு அளவே மிஞ்சும். உருக்குக்கும் உரத்துக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆட்களைக் கடைசி அத்தியாயத்தில் வைப்பது

சுரங்கத்திலும் நிலையத்திலும் உழைப்பவர்களைப் பற்றிய பக்கங்கள் பெரும்பாலும் இறுதியில், இரக்கம் ததும்பும் மொழியில், ஒரு தேதிகூட இல்லாமல் இருக்கும். ஜெர்மனி தன் கடின நிலக்கரிச் (hard coal) சுரங்கங்களுக்கான மானியத்தை முடிப்பதென 2007-இல் முடிவெடுத்து, கடைசிச் சுரங்கத்தை 2018 டிசம்பரில்தான் மூடியது. ஓய்வுபெறுவோர் யார், வேறு பணிக்குப் போவோர் யார் என்று ஆள்வாரியாகப் பார்க்க அந்தப் பதினொரு ஆண்டுகள் தேவைப்பட்டன; அந்தச் சுரங்கங்கள் மலிவான வெளிநாட்டு நிலக்கரியோடு போட்டியிட முடியாமல் பல பத்தாண்டுகளாகவே நலிந்துகொண்டிருந்தன என்பதையும் மறக்கக்கூடாது. வரைவு என் கைக்கு வந்தால், அந்த அத்தியாயத்தை உருவி முன்னால் வைத்து, நிலையங்களை மூடும் அட்டவணையை அதற்கேற்ப மாற்றிக்கொண்டு வரும்படி திருப்பி அனுப்பிவிடுவேன்.