வாட்சிம் ஈவென்ட்டில் முதன்முறை பறப்பது எப்படி?

வாட்சிம் என்பது கம்ப்யூட்டர் சிமுலேட்டரில் விமானம் ஓட்டுபவர்களும் கன்ட்ரோலர்களும் இணையத்தில் சேரும் நெட்வொர்க்; ஈவென்ட் என்றால் குறிப்பிட்ட நாளில் நிறையப் பேர் சேர்ந்து பறப்பது. சாதாரண நாளில் நிதானமாகச் சொல்லித்தரும் கன்ட்ரோலருக்கு ஈவென்ட் நாளில் மூச்சுவிட நேரமிருக்காது. அதனால் வேலையில் முக்கால்வாசியைக் கனெக்ட் ஆகும் முன்பே முடித்துவிடுங்கள்.

முந்தைய நாள்

நன்றாகப் பழகிய விமானத்தையே எடுங்கள். ஈவென்ட் அறிவிப்பில் ரூட் கொடுத்திருந்தால் அதையே சிம்பிரீஃபில் (பறப்புத் திட்டம் தயாரிக்கும் இணையதளம்) போடுங்கள். எரிபொருள் கணக்கில் ஹோல்டிங்குக்காக (வானில் சுற்றியபடி காத்திருப்பது) 30 முதல் 45 நிமிடம் கூடுதலாகச் சேருங்கள். நேவிகேஷன் டேட்டா 28 நாளுக்கு ஒருமுறை மாறும். பழையது இருந்தால், கன்ட்ரோலர் சொல்லும் பாதை உங்கள் விமானத்தின் கம்ப்யூட்டரிலேயே இருக்காது. க்ராஸ் தி பாண்ட் போன்ற பெரிய ஈவென்ட்டுக்கு ஸ்லாட்டும் (புறப்படும் நேரம்) முன்பதிவு செய்ய வேண்டும்.

கிராஃபிக்ஸைக் குறைப்பது இன்னும் முக்கியம். எக்ஸ்-பிளேன் சிமுலேட்டரில் ஃபிரேம் ரேட் (நொடிக்கு எத்தனை படம்) சுமார் 20-க்குக் கீழே போனால் சிமுலேட்டரின் நேரமே மெதுவாக ஓடும். உங்கள் திரையில் 250 நாட் காட்டும். ரேடாரில் நீங்கள் ஊர்ந்துகொண்டிருப்பீர்கள், பின்னால் வருபவர் நெருங்கிவிடுவார். நெரிசலான விமான நிலையத்தில்தான் இது நடக்கும்.

கனெக்ட் ஆனதும்

பார்க்கிங் கேட்டில் நின்றபடிதான் கனெக்ட் ஆக வேண்டும். ரன்வேயிலோ டாக்ஸிவேயிலோ கூடாது. முதலில் ஏடிஸ் (வானிலை, ரன்வே விவரம் சொல்லும் பதிவு) கேட்டு, அதன் அடையாள எழுத்தையும் ரன்வேயையும் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு பறக்கும் பாதைக்கு அனுமதி (க்ளியரன்ஸ்) தரும் டெலிவரி ஃப்ரீக்வென்சிக்குப் போய், பேசாமல் கொஞ்ச நேரம் கேளுங்கள். நடந்துகொண்டிருக்கும் உரையாடல் முழுதாக முடிந்த பிறகே பட்டனை அழுத்துங்கள். இருவர் ஒரே நேரத்தில் பேசினால் கீச்சென்ற சத்தம்தான் வரும், இருவருமே மறுபடி பேச வேண்டியிருக்கும்.

க்ளியரன்ஸ் வரும் முன் தாளில் ஐந்து வரி தயாராக இருக்கட்டும்: போகும் ஊர், பாதை, உயரம், ஃப்ரீக்வென்சி, ஸ்க்வாக் (ரேடாரில் உங்களை அடையாளம் காட்டும் நான்கு இலக்க எண்). காதில் விழுந்ததை எழுதி, எழுதியதை அப்படியே திரும்ப வாசியுங்கள் (ரீட்பேக்). ஸ்க்வாக்கில் 8, 9 வரவே வராது; அப்படி எழுதியிருந்தால் தப்பாகக் கேட்டிருக்கிறீர்கள். புரியவில்லையென்றால் "சே அகெய்ன்" போதும். தவறான ரீட்பேக்கைத் திருத்துவதைவிட அதற்கு நேரம் குறைவு.

"கான்டாக்ட்" என்றால் நீங்கள் கூப்பிட வேண்டும். "மானிட்டர்" என்றால் ஃப்ரீக்வென்சியை மாற்றிவிட்டுக் காத்திருக்க வேண்டும், அவர்களே அழைப்பார்கள். புதியவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான்.

டிரான்ஸ்பாண்டரை (ரேடாருக்கு விமானத்தின் விவரம் அனுப்பும் கருவி) ரன்வேக்குள் நுழையும்போதாவது மோட் சி-யில் வையுங்கள். மறந்தால் உங்கள் உயரம் ரேடாரில் தெரியாது.

வழியிலும் தரையிறக்கத்திலும்

கன்ட்ரோலர் இல்லாத இடத்தில் பொது ஃப்ரீக்வென்சியான 122.800-இல் இருங்கள். "கான்டாக்ட் மீ" என்று மெசேஜ் வரலாம், எழுந்து போகாதீர்கள். ஹோல்டிங் கிடைத்தால் 14,000 அடி வரை நேர்க்கோட்டுப் பகுதி 1 நிமிடம், அதற்கு மேலே ஒன்றரை. உங்களால் செய்ய முடியாததைக் கன்ட்ரோலர் சொன்னால் உடனே "அனேபிள்" (முடியாது) சொல்லிவிடுங்கள், அவர் வேறு வழி தருவார்.

தரையிறங்கியதும் வால் பகுதி ரன்வேக்கு வெளியே உள்ள ஹோல்டு கோட்டைத் தாண்டும்வரை நிற்காதீர்கள். பின்னால் இறங்குபவருக்கு ரன்வே காலியாவது அப்போதுதான்.