டெஸ்டோஸ்டிரோன் குறைவு: ஊசி போடும் முன் நடக்கும் தவறுகள்

மாலை நாலரை மணிக்கு எடுத்த ரத்தம். ரிப்போர்ட்டில் ‘டோட்டல் டெஸ்டோஸ்டிரோன் 2.6’ என்று தடித்த எழுத்தில் இருக்கிறது, பக்கத்தில் கீழ்நோக்கி ஓர் அம்புக்குறி. ‘ஃபுல் பாடி செக்கப்’ பேக்கேஜில் மற்ற பரிசோதனைகளோடு சேர்ந்து வந்த ஒற்றை வரி அது. டெஸ்டோஸ்டிரோன் என்பது ஆண் ஹார்மோன். அந்த வரியை மட்டும் நம்பி அந்த ஹார்மோனையே ஊசியாகப் போட ஆரம்பித்துவிடும் ஆண்கள் தர்மபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர் பக்கம் இருக்கிறார்கள். அவர்களில் பலருக்கு அந்த ஊசி தேவையே இல்லை. குழந்தைக்காகக் காத்திருப்பவருக்கோ அது நேரடியான கெடுதல். எங்கெங்கே தவறு நடக்கிறது என்பதை விவரமாகச் சொல்கிறேன்.

ரத்தம் எடுக்கும் நேரத்திலேயே முதல் தவறு நடந்துவிடுகிறது. இந்த ஹார்மோன் விடியற்காலையில் உச்சத்தில் இருக்கும். பொழுது சாயச் சாயக் குறையும், இளைஞர்களிடம் இந்த ஏற்ற இறக்கம் இன்னும் அதிகம். சாப்பிட்டாலும் இறங்கும். அதனால் காலை 7 மணியிலிருந்து 10 மணிக்குள், வெறும் வயிற்றில் எடுக்க வேண்டும். வழியில் ஒரு சொம்பு ராகிக்கூழ் குடித்துவிட்டு லேபுக்குப் போனால் அந்தக் கணக்கு கெட்டுப்போகும். முதல் முறை குறைவாக வந்தால் வேறொரு நாள், அதே போல் காலையில், மறுபடி எடுக்க வேண்டும். முதல் பரிசோதனையில் குறைவாக வந்தவர்களில் கணிசமானவர்களுக்கு இரண்டாவதில் சரியாக வந்துவிடும். டெங்கு, டைபாய்டு என்று படுத்து எழுந்த வாரத்திலும், ஆபரேஷன் முடிந்த கையோடும் இந்தப் பரிசோதனை வேண்டாம். உடல் நோயோடு போராடும்போது இந்த அளவு தானாகவே விழும், தேறியபின் ஏறும்.

ஓசூர் சிப்காட்டில் நைட் ஷிப்ட் பார்ப்பவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். இரவெல்லாம் மெஷின் முன்னால் நின்றுவிட்டு, வீட்டுக்குப் போகும் வழியில் காலை ஏழு மணிக்கு ரத்தம் கொடுத்தால், மற்றவர்களுக்கு அது காலை, அவர் உடம்புக்கு அது நாளின் முடிவு. நன்றாகத் தூங்கி எழுந்த ஓரிரு மணி நேரத்தில் எடுப்பதுதான் முறை. முடிந்தால் டே ஷிப்டுக்கு மாறி ஓரிரு வாரம் கழித்து எடுக்கலாம். எந்த ஷிப்ட் என்று டாக்டரிடம் சொல்லாமல் விடாதீர்கள்.

அடுத்தது அலகு. சில லேப்கள் நானோகிராம்/டெசிலிட்டர் என்று கொடுக்கும், சில நானோகிராம்/மில்லிலிட்டர் என்று கொடுக்கும். ஒன்றில் 300 என்பது மற்றதில் 3. ‘எனக்கு 4.5தான் இருக்கு, 300 இருக்கணுமாமே’ என்று பதறி வருபவருக்கு உண்மையில் 450 இருக்கிறது, குறையே இல்லை. அமெரிக்க யூராலஜி சங்கம் 300-க்குக் கீழே என்பதைக் குறைவுக்கான எல்லையாக வைத்திருக்கிறது. எண்டோகிரைன் சொசைட்டி, உடல் பருமன் இல்லாத ஆரோக்கியமான இளைஞர்களின் கீழ் எல்லையாக 264-ஐச் சொல்கிறது. எல்லைக்கோட்டை ஒட்டி வரும் எண்ணை வைத்து வாழ்நாள் சிகிச்சையை முடிவு செய்யக்கூடாது.

உடல் பருமனும் சர்க்கரையும் உள்ளவர்களிடம் இன்னொரு குழப்பம் உண்டு. இந்த ஹார்மோனில் பெரும்பகுதி ரத்தத்தில் புரதங்களோடு ஒட்டியே பயணிக்கிறது. அவற்றில் ‘எஸ்.எச்.பி.ஜி.’ என்ற புரதம் பருமனானவர்களுக்குக் குறைந்திருக்கும். அதனால் ‘டோட்டல்’ கணக்கு தாழ்ந்து தெரியும், உடலுக்குப் பயன்படும் ‘ஃப்ரீ’ பகுதியோ சரியாகவே இருக்கலாம். வயது ஏறியவர்களிடமும் தைராய்டு அதிகமாகச் சுரப்பவர்களிடமும் இது தலைகீழ். டோட்டல் நன்றாகத் தெரியும், ஃப்ரீ குறைந்திருக்கும். எல்லைக்கோட்டில் நிற்பவருக்கு எஸ்.எச்.பி.ஜி.யையும் பார்த்துக் கணக்கிட வேண்டும்.

சோர்வு என்றாலே இதுதானா?

சோர்வு, உடம்பு வலி, எரிச்சல், தூக்கமின்மை ஆகியவை நூறு காரணங்களால் வரும். இந்த ஹார்மோன் குறைவை நிஜமாகவே காட்டிக்கொடுக்கும் அறிகுறிகள் வேறு: தாம்பத்திய நாட்டம் குறைவது, விடியற்காலையில் தானாக வரும் விறைப்பு நின்றுபோவது, முன்பு தினமும் ஷேவ் செய்தவருக்கு இப்போது வாரத்துக்கு ஒருமுறை போதும் என்றாவது, மார்பு வீங்கி வலிப்பது, லேசாக விழுந்தாலே எலும்பு முறிவது. இவை எதுவும் இல்லாமல் எண் மட்டும் குறைவாக இருப்பவருக்குப் பெரும்பாலும் சிகிச்சை தேவைப்படாது.

நம் பகுதியில் கூடுதலாக ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே, ஃபுளோரைடால் பல்லும் எலும்பும் கெடும் ஃபுளோரோசிஸ் பாதிப்பைக் குறைக்கவும் கொண்டுவரப்பட்டதுதான். ஆண்டுக்கணக்கில் போர்வெல் தண்ணீர் குடித்தவருக்கு முதுகு இறுகுவதும், மூட்டு பிடிப்பதும், குனிந்து நிமிர முடியாததும் ஃபுளோரைடால் இருக்கலாம். அதற்கு ஆண் ஹார்மோன் ஊசி போட்டால் ஒரு பலனும் கிடைக்காது. ரத்தசோகை, தைராய்டு, மன அழுத்தம், தினசரி குடி ஆகியவற்றையும் முதலில் பார்க்க வேண்டும். பலத்த குறட்டையும் பகல் தூக்கமும் இருந்தால் தூக்கத்தில் மூச்சு தடைபடும் நோயா என்று சோதிக்க வேண்டும். அது இருப்பது தெரியாமல் ஊசி போட்டால் அந்த நோய் மோசமாகலாம்.

விறைப்புக் குறைபாட்டையும் இதோடு போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். நாற்பது, ஐம்பது வயதில் விறைப்பு குறைவதற்கு அதிகம் காரணமாவது ரத்தக் குழாய்களும் நரம்புகளும்தான், அவற்றைக் கெடுப்பவை சர்க்கரை, ரத்த அழுத்தம், புகை. ஆணுறுப்பின் ரத்தக் குழாய்கள் இதயத்தின் குழாய்களைவிட மெல்லியவை என்பதால், மாரடைப்பு வருவதற்குச் சில ஆண்டுகள் முன்பே இந்தக் குறை எச்சரிக்கையாக வருவது உண்டு. வெட்கப்பட்டு மறைத்தால் அந்த எச்சரிக்கையை இழந்துவிடுகிறோம். 2021 ஆகஸ்ட் 5 அன்று ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கியது நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். சர்க்கரையும் பிரஷரும் பார்க்க வீட்டு வாசலுக்கே வருகிறார்கள். அவர்களைப் பார்த்ததும் ‘எனக்கு ஒண்ணுமில்லை’ என்று கொல்லைப்புறம் போய்விடும் ஆண்கள், பிறகு எங்கேயோ ஆயிரக்கணக்கில் கொடுத்து ‘சக்தி மருந்து’ வாங்குகிறார்கள். என்னால் ஜீரணிக்கவே முடியாத விஷயம் இது.

மூலகாரணத்தைத் தேடாமல் விடுவது

இரண்டு முறை குறைவு என்று உறுதியானபின் ‘ஏன் குறைந்தது’ என்று கேட்க வேண்டும். பலர் இந்தக் கேள்விக்கே வருவதில்லை. விரைகளை வேலை செய்யச் சொல்லி பிட்யூட்டரி சுரப்பி அனுப்பும் எல்.எச்., எஃப்.எஸ்.எச். என்ற இரண்டு ஹார்மோன்களையும் பார்த்தால் பாதி விடை கிடைத்துவிடும். அவை ஏறியிருந்தால் பழுது விரைகளில். பருவமடைந்தபின் பொன்னுக்கு வீங்கி வந்து விரை வீங்கியதாலோ, பிறவியிலேயே கூடுதலாக ஒரு எக்ஸ் குரோமோசோம் இருக்கும் கிளைன்ஃபெல்டர் நிலையாலோ இருக்கலாம். பிந்தையது சுமார் 500 முதல் 1000 ஆண்களில் ஒருவருக்கு உண்டு. குழந்தை இல்லை என்று பரிசோதிக்கும்வரை பலருக்கு அது தெரிவதே இல்லை.

எல்.எச். குறைந்தோ, ஏறாமலோ இருந்தால் பிரச்சினை மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரியில், அல்லது உடல் பருமன், மருந்துகள் போன்றவற்றில். அப்போது பிட்யூட்டரி சுரக்கும் புரோலாக்டின் என்ற இன்னொரு ஹார்மோனையும் பார்க்க வேண்டும். புரோலாக்டின் மிக அதிகமாக இருந்து, தலைவலியும் பக்கவாட்டுப் பார்வை மங்கலும் சேர்ந்திருந்தால் பிட்யூட்டரிக் கட்டியா என்று ஸ்கேன் எடுத்தாக வேண்டும். அந்தக் கட்டி பெரும்பாலும் மாத்திரையிலேயே சுருங்கிவிடும், ஹார்மோனும் மெல்லத் திரும்பும். காரணம் தேடாமல் ஊசி போட்டுக்கொண்டே இருந்தால் கட்டி உள்ளே வளர்ந்துகொண்டிருக்கும்.

மருந்துகளையும் மறைக்காமல் சொல்லுங்கள். நாள்பட்ட வலிக்கு எடுக்கும் டிரமடால் வகை மாத்திரைகளும், மூட்டுவலிக்குப் பொட்டலமாகக் கட்டிக்கொடுக்கும் ஸ்டீராய்டு மாத்திரைகளும் இந்த ஹார்மோனைக் குறைப்பவை. இன்னொன்று, டாக்டர் விரைகளைத் தொட்டுப் பார்த்து அளவு கணிக்க வேண்டும். ஒரு நிமிட வேலை. கூச்சத்தால் இரண்டு தரப்பும் அதைத் தவிர்த்துவிடுகிறார்கள்.

குழந்தை வேண்டுபவருக்கு டெஸ்டோஸ்டிரோன்

எல்லாவற்றிலும் பெரிய தவறு இதுதான். கல்யாணம் ஆகி மூன்று நான்கு வருடம். ‘விசேஷம் ஏதும் இல்லையா’ என்று ஊரே கேட்கிறது. மனைவியைச் சேலம், பெங்களூரு என்று அலைய வைத்தபின் கடைசியாகக் கணவனுக்கு ஒரு டெஸ்ட். விந்தணு குறைவு, ஆண் ஹார்மோனும் கொஞ்சம் குறைவு. ‘ஆண் ஹார்மோனைக் கூட்டினால் விந்தணு கூடும்’ என்று யாரோ சொல்ல, ஊசி ஆரம்பமாகிறது. நடப்பது நேர்எதிர்.

பிட்யூட்டரி ஒரு மேஸ்திரி, விரைகள் அவர் கீழே வேலை செய்யும் ஆட்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளியிலிருந்து சரக்கு வந்து இறங்கியதும் வேலை முடிந்தது என்று நினைத்து மேஸ்திரி ஆட்களைக் கூப்பிடுவதை நிறுத்திவிடுகிறார். எல்.எச்., எஃப்.எஸ்.எச். அடங்கிவிடும். விந்தணு உருவாக விரைக்குள்ளேயே டெஸ்டோஸ்டிரோன் மிக அதிக அளவில் இருக்க வேண்டும், அது சரிந்துவிடும். சில மாதங்களில் விந்தணு பூஜ்ஜியமாகவே ஆகலாம். இந்தத் தன்மையால்தான் உலக சுகாதார நிறுவனம் இந்த ஊசியை ஆண்களுக்கான கருத்தடையாகவே ஆராய்ந்தது. நிறுத்தினால் பெரும்பாலோருக்குத் திரும்பும், ஆனால் ஆறு மாதம் முதல் ஒரு வருடம் ஆகலாம், சிலருக்கு இரண்டு வருடம்கூட. மனைவிக்கு வயது முப்பத்தைந்தைத் தாண்டியிருந்தால் அந்த இரண்டு வருடத்தின் விலை என்ன என்று யோசித்துப் பாருங்கள்.

குழந்தை வேண்டும் என்பவருக்கு வழி இல்லாமல் இல்லை. பிட்யூட்டரிப் பக்கம் பழுது என்றால் எல்.எச். போலவே வேலை செய்யும் எச்.சி.ஜி. ஊசியும், தேவைப்பட்டால் எஃப்.எஸ்.எச். ஊசியும் விரைகளையே வேலை செய்ய வைக்கும். சிலருக்கு குளோமிஃபீன் மாத்திரை கொடுக்கிறார்கள். உங்களுக்கு எது என்பதை எண்டோகிரைனாலஜிஸ்ட் அல்லது ஆண் மலட்டுத்தன்மை பார்க்கும் யூராலஜிஸ்ட் முடிவு செய்யட்டும். நீங்கள் செய்ய வேண்டியது, ‘குழந்தை வேண்டும்’ என்பதை முதல் வாக்கியமாகவே டாக்டரிடம் சொல்வது.

ஜிம்மில் தசை ஏற்ற இந்த ஊசியைச் சில வாரம் போட்டு நிறுத்தும் ‘சைக்கிள்’ போடும் இளைஞர்களுக்கும் இதே கதைதான், டோஸ் மட்டும் பல மடங்கு. ஊசியை நிறுத்தியதும் சொந்தச் சுரப்பு மாதக்கணக்கில் எழாது. நாட்டம் செத்து, மனம் சோர்ந்து வருவார்கள். போட்டதைச் சொல்லாமல் மறைத்தால் டாக்டர் வேறெங்கோ தேடிக்கொண்டிருப்பார். அவர் உங்களைத் திட்டினாலும் பரவாயில்லை, சொல்லிவிடுங்கள்.

சுவரில் எழுதியும், லாட்ஜில் ரூம் போட்டும் ‘ஆண்மைக் குறைவுக்கு நிரந்தரத் தீர்வு’ விற்பவர்களைப் பற்றிச் சுருக்கமாக. ஆண்மைக் குறைவுக்கு மருந்து என்று விளம்பரம் செய்வதே 1954-ம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். இப்படி விற்கும் பொடிகளில் சில்டெனாஃபில் போன்ற விறைப்பு மருந்துகளைக் கலந்திருப்பது பல முறை பிடிபட்டிருக்கிறது. நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மாத்திரை எடுப்பவர் தெரியாமல் அதைச் சாப்பிட்டால் ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்து.

சிகிச்சை நிஜமாகவே தேவைப்படும்போது

தேவைப்படுபவருக்கு இது நல்ல மருந்து, பயந்து ஒதுங்கவும் வேண்டாம். நாட்டம் கூடும், எலும்பின் அடர்த்தியும் ரத்தமும் ஏறும். ஆனால் சோர்வு அப்படியே பறந்துவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். 65 வயதைக் கடந்த ஆண்களிடம் நடத்தி 2016-ல் வெளியான ஆய்வில், தாம்பத்திய வாழ்வில் ஓரளவு முன்னேற்றம் தெரிந்தது, உடல் தெம்பில் குறிப்பிடும்படியான மாற்றம் இல்லை. 2023-ல் வெளியான ‘டிராவர்ஸ்’ ஆய்வு, இதய நோயோ அதற்கான வாய்ப்போ உள்ள 5,200-க்கும் மேற்பட்ட ஆண்களிடம் நடந்தது. மாரடைப்பும் பக்கவாதமும் இதனால் கூடவில்லை. ஆனால் இதயத் துடிப்பு ஒழுங்கு தவறுவதும், நுரையீரலில் ரத்தம் உறைவதும் கூடுதலாகத் தெரிந்தன. பருமனாக இருப்பவருக்கு எடை குறைந்தாலே இந்த ஹார்மோன் தானாக ஏறுவதை நான் முதலில் சொல்வேன்.

புராஸ்டேட் புற்றுநோய், மார்பகப் புற்றுநோய் உள்ளவர்களுக்கும், கடந்த ஆறு மாதத்தில் மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர்களுக்கும் இது ஆகாது. ஆரம்பிக்கும் முன் பி.சி.வி., அதாவது ரத்தத்தில் சிவப்பணுக்கள் எத்தனை சதவீதம் என்று பார்க்க வேண்டும். 48-ஐத் தாண்டியிருந்தால் முதலில் காரணம் தேட வேண்டும். சிகிச்சையில் இருக்கும்போது 54-ஐத் தாண்டினால் நிறுத்த வேண்டும், ரத்தம் கெட்டியாகி உறையும் அபாயம் உண்டு. நாற்பது வயதைத் தாண்டியவர்கள் பி.எஸ்.ஏ. என்ற புராஸ்டேட் ரத்தப் பரிசோதனை பற்றி டாக்டரிடம் பேச வேண்டும். மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் ஒரு முறையும், பிறகு ஆண்டுதோறும் பரிசோதனை. ‘நல்லாத்தானே இருக்கேன்’ என்று இதை விட்டுவிடுகிறார்கள்.

மாதம் ஒரு 250 மில்லிகிராம் ஊசி என்று போடுவதும் பழக்கத்தில் இருக்கிறது. முதல் சில நாள் அளவு எகிறும், மூன்றாம் வாரத்திலேயே தரைதட்டிவிடும், மனிதரும் கூடவே ஏறி இறங்குவார். டெஸ்டோஸ்டிரோன் ஊசியில் எனான்தேட் வகைக்கு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, அல்லது பாதி டோஸ் வாரந்தோறும் என்பதே முறை. அதன் அளவைப் பார்க்க இரண்டு ஊசிகளுக்கு நடுவில் ரத்தம் எடுக்க வேண்டும். பத்து முதல் பதினான்கு வாரத்துக்கு ஒருமுறை போடும் அன்டெகனோயேட் ஊசிக்கு, அடுத்த ஊசிக்குச் சற்று முன்.

ஜெல் பூசுபவர்கள் கையை சோப்பு போட்டுக் கழுவி, பூசிய தோள் காய்ந்ததும் சட்டை போட்டு மூட வேண்டும். வெற்று மேலோடு குழந்தையைத் தூக்கி வைத்துக்கொண்டால் மருந்து அதன் தோலில் ஏறும். சின்னப் பிள்ளைகளுக்கு வயதுக்கு முன்பே முடி முளைத்ததும், பிறப்புறுப்பு பெரிதானதும் இப்படி நடந்திருக்கிறது. மனைவி கர்ப்பமாக இருந்தால் பூசிய இடத்தை அவர் தொடவே கூடாது.