மாஸ்டா ஆர்எக்ஸ்-7-க்குள் வி8 எஞ்சின்: முதல்முறை கை வைப்பவர்களுக்கு

மூன்றாம் தலைமுறை ஆர்எக்ஸ்-7 காரில் வருவது 13பி ரோட்டரி எஞ்சின். பிஸ்டன் கிடையாது, முக்கோண ரோட்டர் இரண்டு, டர்போ இரண்டு, கொள்ளளவு வெறும் 1.3 லிட்டர். ரோட்டர் முனையில் வாயு கசியாமல் அடைக்கும் ஏபெக்ஸ் சீல் போனால் எஞ்சினையே பிரிக்க வேண்டும். அப்போதுதான் பலருக்கு ஜிஎம்மின் (ஜெனரல் மோட்டார்ஸ்) 5.7 லிட்டர் வி8 எஞ்சினான எல்எஸ்1 மேல் கண் போகும். பிளாக் அலுமினியம். கேம்ஷாஃப்ட் பிளாக்குக்குள்ளேயே இருப்பதால் வி8 என்றாலும் அடக்கமான உருவம். (ரோட்டரி பிரியர்கள் திட்டுவார்கள். திட்டட்டும்.)

உள்ளே உட்காருமா என்றால், உட்காரும். வேலையே அதற்கப்புறம்தான்.

படி 1: பேப்பர்

ஸ்பேனரைத் தொடும் முன் உங்கள் ஊர் விதியைப் படியுங்கள். கலிஃபோர்னியாவில், போடும் எஞ்சின் காரின் மாடல் வருடத்தைவிடப் பழையதாக இருக்கக்கூடாது. அந்த எஞ்சினுக்குரிய புகைக் கட்டுப்பாட்டு பாகங்கள் அத்தனையும் கூடவே வர வேண்டும். ரெஃப்ரி எனப்படும் புகைச் சோதனை அதிகாரி பார்த்து ஒப்புக்கொண்டால்தான் வண்டி ரோட்டுக்கு வரும்.

படி 2: எஞ்சின் வாங்குவது

தனி எஞ்சின் வாங்காதீர்கள். 1999–2002 கமாரோ அல்லது ஃபயர்பேர்ட் (இரண்டும் ஜிஎம் கார்கள்) ஒன்றிலிருந்து எஞ்சின், டி56 கியர்பாக்ஸ், வயரிங், கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் ஒரே வண்டியிலிருந்து எடுங்கள். கார்வெட் சி5-இலும் எல்எஸ்1 உண்டு. ஆனால் அதன் கியர்பாக்ஸ் வண்டியின் பின்பக்கம் இருக்கும், ஆக்ஸிலரேட்டரும் கேபிள் இல்லாத எலெக்ட்ரானிக் வகை. முதல் முயற்சிக்கு அந்தத் தலைவலி வேண்டாம்.

படி 3: இறக்கி, ஏற்றி, மறுபடி இறக்கி

செயின் பிளாக்கில் தொங்கவிட்டு எஞ்சினை மெதுவாக இறக்குங்கள். முதலில் இடிப்பது ஆயில் சம்ப்பா, ஸ்டியரிங் ரேக்கா, பின்சுவரா என்று குறித்துக்கொள்ளுங்கள். எஞ்சினின் உயரமான இடத்தில் குழந்தைகள் விளையாடும் களிமண்ணை ஒரு உருண்டை வைத்து, பானட்டை மெதுவாக மூடித் திறங்கள். நசுங்கிய களிமண்ணின் தடிமன்தான் உங்களிடம் மிச்சமிருக்கும் இடைவெளி. ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் எஞ்சின் ஒரு பக்கமாகச் சாயும் என்பதால், தொடாமல் இருந்தால் மட்டும் போதாது.

பின்பக்கம்தான் புதியவர்கள் கோட்டை விடும் இடம். மாஸ்டா, கியர்பாக்ஸையும், பின்சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரித்துத் தரும் டிஃபரன்ஷியலையும் ஒரு நீண்ட சட்டத்தால் பிணைத்திருக்கிறது. டி56 வந்தால் அந்தச் சட்டம் போய்விடும். டிஃபரன்ஷியல் திருகிக்கொள்ளாமல் பிடித்திருந்ததும் அதுதான். ஆகவே அதற்குத் தனி மவுண்ட் வேண்டும். கூடவே, கிராங்க்ஷாஃப்ட்டின் கோடும் டிஃபரன்ஷியல் பினியனின் (அதற்குள் சக்தி நுழையும் தண்டு) கோடும் பக்கவாட்டுப் பார்வையில் இணையாக இருக்க வேண்டும். ஒன்று சாய்ந்தால் இடையிலுள்ள தண்டின் இரு முனை மூட்டுகளான யுனிவர்சல் ஜாயின்ட்கள் ஒன்றையொன்று ஈடுகட்டாது, வேகம் கூடியதும் சீட்டுக்கடியில் அதிர்வு வரும். ஆங்கிள் கேஜ் விலை அதிகமில்லை, வாங்கிவிடுங்கள்.

படி 4: பெட்ரோல், தண்ணீர்

எல்எஸ்1-க்கு 58 பிஎஸ்ஐ பெட்ரோல் அழுத்தம் தேவை. 1999-க்குப் பிந்தைய கார்வெட்டின் ஃபில்டரிலேயே ரெகுலேட்டர் இருக்கிறது; அதை டேங்க் பக்கத்தில் பொருத்தினால் வேலை சுலபம். சிலிண்டர் ஹெட்டில் இருக்கும் சிறிய ஆவித் துளைகளின் குழாயை ரேடியேட்டருக்குக் கொண்டுபோக மறக்காதீர்கள். அந்தத் துளைகளை எல்லாம் அடைத்துவிட்டால் ஹெட்டுக்குள் ஆவி தங்கி, அங்கே சூடு ஏறும்.

படி 5: வயரிங்

இங்கே நாங்கள் ஒரு முழு ஞாயிற்றுக்கிழமையைத் தொலைத்தோம். செல்ஃப் அடித்ததும் எஞ்சின் பிடிக்கும், இரண்டு நொடி ஓடும், அணையும். பெட்ரோல் பம்ப்பைப் பார்த்தோம், எர்த் வயரைப் பார்த்தோம், பம்ப் ரிலேயை மாற்றினோம். கடைசியில் விஷயம் கம்ப்யூட்டரில் இருந்தது: பழைய காரின் திருட்டுத் தடுப்பு சாவியைத் தேடி, கிடைக்காததால் பெட்ரோல் தெளிக்கும் இன்ஜெக்டர்களை நிறுத்திக்கொண்டிருந்தது. கம்ப்யூட்டரை வாங்கும்போதே அந்த அமைப்பை நீக்கி எழுதித் தரச் சொல்லுங்கள். எஞ்சின் சுற்றைக் காட்டும் டாக்கோமீட்டரும் ரோட்டரி கணக்கிலேயே இருக்கும், அதையும் சரிப்படுத்த வேண்டும்.

படி 6: முதல் ஸ்டார்ட்

இன்ஜெக்டர் ஃபியூஸ்களைக் கழற்றிவிட்டு, ஆயில் பிரஷர் முள் ஏறும் வரை விட்டு விட்டு செல்ஃப் அடியுங்கள். ஏறிய பிறகு ஃபியூஸைப் போட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். பக்கத்தில் தீயணைப்பான் இருக்கட்டும், ஒருவர் வண்டிக்கடியில் டார்ச் அடித்துக் கசிவு பார்க்கட்டும். சில நாள் ஓட்டியதும் மவுண்ட் போல்ட்களுக்கு மறுபடி டார்க் ரெஞ்ச் போடுங்கள். எங்கள் வண்டியில் இரண்டு தளர்ந்திருந்தன.