மொட்டை மாடி லேசர் இணைப்பு: செய்யக் கூடாத தவறுகள்

கடை சிம்மக்கல்லில், கிடங்கு வைகைக்கு அந்தப் பக்கம் செல்லூரில் என்று வைத்துக்கொள்வோம். இரண்டுக்கும் நடுவே ஃபைபர் இழுக்க வேண்டுமானால் பாலத்தைத் தாண்ட அனுமதி, பள்ளம் தோண்டும் செலவு என்று மாதக்கணக்கில் இழுக்கும். இரண்டு மாடியிலும் ஒவ்வொரு லேசர் கருவியை எதிரெதிராக வைத்துக் காற்று வழியாகவே டேட்டாவை அனுப்பலாமே என்ற யோசனை வரும். நல்ல யோசனைதான். காங்கோ ஆற்றின் குறுக்கே பிராசவில், கின்ஷாசா நகரங்களுக்கு நடுவே 4.8 கி.மீ. தூரத்தை 2021-இல் கூகுளின் தாய் நிறுவனமான ஆல்ஃபபெட்டின் தாரா திட்டத்தினர் இப்படித்தான் இணைத்தார்கள். ஆனால் லேசர் கற்றை விலகினால் தானாகவே திருத்திக்கொள்ளும் வசதி அந்தக் கருவிகளில் உண்டு. அந்த வசதி இல்லாத கருவியை வாங்கினால், பொருத்தும் இடத்தில்தான் எல்லாம் இருக்கிறது.

உயரமாக இருக்கிறதே என்று தண்ணீர்த் தொட்டி ஸ்டாண்டில் கட்டிவிடுவதுதான் பெரிய தவறு. கணக்கைப் பாருங்கள்: 30 செ.மீ. நீளமுள்ள தாங்கியின் ஒரு முனை 0.3 மி.மீ. நகர்ந்தால் கற்றை 1 மில்லிரேடியன் திரும்பிவிடும். 1 கி.மீ.க்கு அப்பால் அது 1 மீட்டர் விலகல். தொட்டி நிரம்பும்போது அதன் இரும்புக் கால்கள் அவ்வளவுகூட அசையாது என்று யார் சொல்ல முடியும்? காலையில் மோட்டார் போட்டதும் நெட் போகிறதென்றால், திட்ட வேண்டியது சர்வீஸ்காரரை அல்ல. தனியாக நிற்கும் ஜிஐ பைப்பும் ஆகாது. சித்திரை வெயிலில் வெயில் படும் பக்கம் விரிந்து, பைப் மெல்ல மறுபக்கம் வளையும். சாயங்காலம் பழையபடி திரும்பும். தூண் ஏறிவரும் மூலையில், கான்கிரீட்டிலேயே போல்ட் அடித்து, குட்டையான தாங்கியில் வையுங்கள். உயரம் கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை.

அப்புறம், எல்லோரும் மழைக்குத்தான் பயப்படுகிறார்கள். மழையும் சிக்னலைக் குறைக்கும்தான், ஆனால் உண்மையான எதிரி மூடுபனி. அதன் துளிகள் மிகப் பொடியானவை, லேசரின் அலைநீளத்தை நெருங்குபவை. அதனால் ஒளியை மோசமாகச் சிதறடிக்கும். அடர்ந்த மூடுபனியில் 1 கி.மீ.க்கு 100 டெசிபெல்லுக்கு மேலும் இழப்பு வரலாம், அதாவது எதிர்முனைக்கு ஒளி ஏறக்குறைய வந்தே சேராது. மதுரைக்குள் அப்படிப்பட்ட பனி அபூர்வம். மார்கழி விடியலில் ஆற்றோரம் பனி இறங்கும் நாட்களிலும், போகிப் புகை சேரும் அன்றும் கொஞ்சம் திணறலாம், அவ்வளவுதான். இங்கே நன்றாக ஓடுகிறது என்று இதே கருவியைக் கொடைக்கானலுக்குத் தூக்கிக்கொண்டு போனால்தான் சங்கடம். எப்படியும் துணைக்கு 5 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ இணைப்பு ஒன்றை வைத்துவிடுங்கள். பனி அதை ஒன்றும் செய்யாது.

கற்றை போகும் வழியில் தகரக் கொட்டகைகள் வரிசையாக இருந்தால், மதிய நேரத்தில் மேலெழும் சூடான காற்று ஒளியை நடுங்க வைக்கும். கூரையை உரசியபடி விடாமல், நாலைந்து மீட்டராவது மேலே போகும்படி பாதையைத் தேர்ந்தெடுங்கள்.

ஆற்றைக் குறுக்கே கடக்கும் இணைப்பு பெரும்பாலும் வடக்கு தெற்காக அமைவதால் ஒரு லாபமும் உண்டு. கிழக்கு மேற்காக வைத்தால், வருடத்தில் சில நாட்கள் உதயத்திலோ அஸ்தமனத்திலோ சூரியன் நேராக ரிசீவருக்குள் விழுந்து, சில நிமிடங்கள் இணைப்பு அறுந்துபோகும். வடக்கு தெற்கு இணைப்புக்கு மதுரையில் அந்தத் தொல்லையே கிடையாது.

கடைசியாக, கண். இந்த லேசர் வெறும் கண்ணுக்குத் தெரியாது. டிவி ரிமோட்டைச் சோதிப்பதுபோல செல்போன் கேமராவைக் காட்டி, வெளிச்சம் தெரியவில்லை, கருவி செத்துவிட்டது என்று முடிவுகட்டுகிறவர்கள் உண்டு. 850 நானோமீட்டர் அலைநீள லேசர் கேமராவில் தெரியலாம். 1550 நானோமீட்டர் தெரியவே தெரியாது, ஏனென்றால் கேமராவின் சிலிக்கான் சென்சாருக்கு அந்த ஒளி எட்டாது. சந்தேகம் வந்து லென்ஸுக்குள் எட்டிப் பார்ப்பதுதான் அடுத்த ஆபத்து. 1550 விழித்திரை வரை அதிகம் போகாது என்பது உண்மை. ஆனால் சக்தி கூடினால் கண்ணின் முன்பக்கத் தெளிந்த படலத்தை (கார்னியா) சுட்டுவிடும். பைனாகுலரில் எதிர்மாடியைத் தேடும்போது இரண்டு பக்கமும் லேசரை அணைத்துவையுங்கள். அதன்பின் நுண்சரிசெய்தலை, எதிர்முனைக் கருவி காட்டும் சிக்னல் அளவை ஒருவர் போனில் வாசிக்க வாசிக்க, இன்னொருவர் திருகைத் திருப்பிச் செய்தால் போதும்.