1954-ஆ, 1962-ஆ? புதுச்சேரி ஆவணத்தில் இறையாண்மைத் தேதியைக் கண்டுபிடிப்பது எப்படி

பழைய பிறப்புப் பதிவோ கிரயப் பத்திரமோ கைக்கு வந்ததும் முதலில் ஊர்ப் பெயரைப் பாருங்கள். புதுச்சேரி பிரெஞ்சு ஆட்சியில் இருந்த பகுதி; பாகூர் பக்கம் ஒரு வரப்பைத் தாண்டினால், பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த கடலூர் மாவட்டம் வந்துவிடும். அந்தப் பக்கத்து ஊர் என்றால் 15-8-1947 ஒன்றே போதும். இந்தப் பக்கத்து ஊர் என்றால்தான் மேலே வேலை இருக்கிறது.

அடுத்து ஆவணத்தின் தேதி. 1-11-1954க்கு முந்தையது என்றால் புதுச்சேரி, காரைக்காலில் பொதுவாக ஆட்சியும் பிரான்சிடம், இறையாண்மையும் (மண்ணின் மீதான சட்டப்படியான உரிமையும்) பிரான்சிடம். 16-8-1962 முதல் இரண்டும் இந்தியாவிடம். தலைவலி எல்லாம் இடையில் உள்ள ஏழே முக்கால் ஆண்டில்தான்.

1954 அக்டோபர் 18 அன்று புதுச்சேரிப் பகுதியின் கீழூரில் 178 மக்கள் பிரதிநிதிகள் கூடினார்கள். 170 பேர் இந்தியாவோடு இணைய வாக்களித்தார்கள். நவம்பர் 1 அன்று நிர்வாகம் கைமாறியது. பலரும் இங்கேயே நின்றுவிடுகிறார்கள். ஆனால் கைமாறியது நிர்வாகம்தான். மண்ணின் மீதான உரிமையை விட்டுக்கொடுக்கும் உடன்படிக்கை 28-5-1956 அன்றுதான் கையெழுத்தானது. பிரெஞ்சு நாடாளுமன்றம் ஒப்புதல் தர 1962 ஆகிவிட்டது. ஒப்புதல் பத்திரங்களை இரு நாடுகளும் மாற்றிக்கொண்ட 16-8-1962 அன்றே அது நடைமுறைக்கு வந்தது. வீட்டுச் சாவி முதலில் வந்து, கிரயம் பின்னால் பதிவானது போல.

இது வெறும் ஏட்டு வாதம் அல்ல. பேருந்து பெர்மிட் தொடர்பான மஸ்தான் சாகிப் வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனபோது, புதுச்சேரி இந்திய ஆட்சிப்பரப்பில் சேர்ந்ததா என்று நீதிமன்றம் மத்திய அரசையே கேட்டது. சேரவில்லை என்றது அரசு. 1961இல் நீதிமன்றமும் அதை ஏற்றுக்கொண்டது. போலீசும் கஜானாவும் இந்தியாவின் கையில் இருந்த காலம் அது! ஆகவே ‘அன்று ஆட்சி நடத்தியது யார்?’, ‘அன்று உரிமை யாருக்கு?’ என்ற இரண்டு கேள்விகளையும் தனித்தனியாக எழுதி, தனித்தனியாகவே பதில் எழுதுங்கள். ஒரே வரியில் எழுதினால் தேதி கட்டாயம் தவறும்.

மாஹே, ஏனாம் ஆவணங்களில் கூடுதல் கவனம் தேவை. அங்கே பிரெஞ்சு நிர்வாகம் 1954 நவம்பருக்கு முன்பே விழுந்துவிட்டது. ஆனால் சட்டப்படியான தேதி அவற்றுக்கும் 16-8-1962தான். வங்கத்தில் இருந்த இன்னொரு பிரெஞ்சுப் பகுதியான சந்திரநாகூரை இதில் சேர்க்காதீர்கள். அதற்குத் தனி உடன்படிக்கை, 1952இலேயே முடிந்த கதை.

குடியுரிமைக் கேள்வி என்றால் பிறந்த இடம் மட்டும் போதாது. 16-8-1962 அன்று அவர் எங்கே குடியிருந்தார் என்பதையும் கேளுங்கள். இங்கே பிறந்து இங்கேயே குடியிருந்த பிரெஞ்சுக் குடிமக்கள் தாமாகவே இந்தியக் குடிமக்கள் ஆனார்கள். பிரெஞ்சுக் குடியுரிமையே வேண்டும் என்றவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுத்து மூலம் அறிவித்திருக்க வேண்டும். இங்கே பிறந்து, இந்தியாவுக்கும் இந்தப் பகுதிகளுக்கும் வெளியே வேறு நாட்டில் குடியிருந்தவர்களுக்கு விதி தலைகீழ்: பிரெஞ்சுக் குடியுரிமை தொடரும், இந்தியக் குடியுரிமைதான் கேட்டுப் பெற வேண்டும். வியட்நாமின் சைகோனில் வேலை பார்த்தவர் கதையும் பாகூரிலேயே இருந்த அவர் தம்பி கதையும் இதனால்தான் வேறுவேறாகப் போகின்றன. குடும்பத்தில் ஒருவரின் தாளை வைத்து இன்னொருவருக்கு முடிவு கட்டாதீர்கள்.

இறையாண்மை மாறியதுமே பழைய சட்டங்கள் செத்துவிடவில்லை. 1962ஆம் ஆண்டின் புதுச்சேரி நிர்வாகச் சட்டம், நடப்பிலிருந்த சட்டங்களை மாற்றும்வரை தொடரவிட்டது. எனவே 1963 பத்திரத்தைப் பார்த்ததும் சென்னை மாகாணச் சட்டத்தைப் புரட்ட வேண்டாம். அந்தப் பொருள் பற்றிய இந்தியச் சட்டம் புதுச்சேரிக்கு எந்தத் தேதியில் நீட்டிக்கப்பட்டது என்று முதலில் பாருங்கள்.

கடற்கரைச் சாலைப் பக்கம் உள்ள பிரெஞ்சுத் துணைத் தூதரகம் ‘பிரான்ஸ் மண்’ என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. தவறு. அலுவலகப் பகுதிக்குள் அனுமதியின்றி நம் போலீஸ் நுழையக் கூடாது, அவ்வளவுதான். மண் இந்திய மண்.